தொடக்கப்பள்ளிப் பெற்றோர் கேள்வி – பதில்: தப்பு எங்கே விழுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாசிப்பையும் கணக்கையும் சுற்றியே இருந்தன. அதனால் அந்த இரண்டுக்கும் இடம் அதிகம். மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: முதல் வகுப்பு முடிக்கப்போகும் என் மகள் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். வேறு புத்தகத்தைக் கொடுத்தால் வாயே திறப்பதில்லை. மனப்பாடம் செய்துவிட்டாளோ?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. பாடத்தில் வரும் எட்டுச் சொற்களை வரிசை மாற்றி, படம் இல்லாத தாளில் பெரிதாக எழுதுங்கள். கூடவே பொருளே இல்லாத நாலைந்து சொற்களையும் எழுதுங்கள்: பேகு, தொமி, கூனோ, மெடீ. "இது விளையாட்டுச் சொல், அர்த்தம் கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நினைவை வைத்துப் பொய்ச்சொல்லை வாசிக்க முடியாது. எழுத்தைப் பார்த்தால்தான் முடியும்.

இனி, எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக இடறும் இடம் கொம்புதான். 'கா', 'கி', 'கு' எல்லாவற்றிலும் 'க' முதலில் கண்ணில் படுகிறது, குறி அதற்குப் பின்னாலோ மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொள்கிறது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் வந்து நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' இன்னும் சிக்கல்: முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால். குழந்தை துணைக்காலை மட்டும் பார்த்தால் 'கொடி' 'காடி' ஆகிவிடும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதை அதற்குப் பிறகுதான் கண் பிரித்துப் பார்க்கப் பழகும்.

இதற்கு 247 எழுத்தையும் மறுபடி எழுதவைப்பது வீண் வேலை. 216 உயிர்மெய்யும் 18 மெய்யிலிருந்தும் 12 உயிரிலிருந்தும் பிறப்பவை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மெய்யை எடுத்துக்கொண்டு, கொம்பு வரும் வடிவங்களில் ஐந்தை மட்டும் (மெ, மே, மை, மொ, மோ) அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வரிசையாகக் கேட்கக் கூடாது. "க, கா, கி, கீ" என்று ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் 'கூ'வை மட்டும் காட்டினால், உதடு 'க'விலிருந்து ஓடத் தொடங்கும். அங்கே வேலை செய்வது ராகம். கண் இன்னும் எழுத்துக்கு வரவில்லை.

இன்னொன்று. 'கடல்', 'பங்கு', 'அகல்' மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மட்டும் மூன்று விதம். எழுத்துக்கூட்டும் குழந்தை மூன்றையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்லிவிட்டு, 'இது என்ன சொல்' என்று விழிக்கும். விளக்கம் கொடுக்க வேண்டாம். அந்தச் சொல்லை ஒருமுறை இயல்பாகச் சொல்லிக் காட்டினால் போதும்.

கேள்வி: தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லி டீச்சர் குறிப்பு அனுப்புகிறார். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. எப்படித்தான் கேட்பது?

சண்டைக்குக் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. புத்தகம் கடினமாக இருக்கும், அல்லது நீங்கள் திருத்தும் வேகம் அதிகமாக இருக்கும்.

முதலில் புத்தகம். 100 சொல் உள்ள ஒரு பகுதியை வாசிக்கவிட்டு, தடுக்கி நின்றவற்றையும் தப்பாகச் சொன்னவற்றையும் மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அதைத் தனியாக வாசிக்கலாம். ஐந்திலிருந்து பத்து என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தை கேட்கட்டும். அதைப் பிள்ளையின் கையில் திணித்தால் வாசிப்பு மீதே வெறுப்புதான் வரும்.

அடுத்தது திருத்தம். ஒரு சொல்லில் நின்றால் ஐந்து விநாடி சும்மா இருங்கள். ஐந்து விநாடி என்பது பெரியவர்களுக்கு ரொம்ப நீளமாகத் தெரியும், மனதுக்குள் எண்ணினால்தான் பொறுக்க முடியும். அதற்குள் வரவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லையே சொல்லிக் கொடுத்துவிட்டு நகருங்கள். தப்பாக வாசித்தால் உடனே குறுக்கிடாமல் வாக்கியம் முடியும்வரை விடுங்கள். பாதிப் பிள்ளைகள், பொருள் இடிக்கிறதே என்று தாங்களே திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வருவதுதான் வாசிப்பில் நாம் வளர்க்க வேண்டிய பழக்கம். இடையில் புகுந்தால் அதை வளரவிடாமல் செய்துவிடுகிறோம்.

'இருக்கிறது' என்று அச்சாகியிருப்பதை 'இருக்கு' என்றும், 'வந்துவிட்டார்கள்' என்பதை 'வந்துட்டாங்க' என்றும் பிள்ளை வாசித்தால் அதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொருளைப் பிடித்துக்கொண்டு தன் பேச்சில் அதைச் சொல்கிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது எழுத்தில் உள்ளபடி சொல்லவைத்தால் போதும்.

ஆம், இரண்டாம் முறை, முடிந்தால் மூன்றாம் முறையும். ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து சரளம் வரவழைக்கும் முறையைக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் விவரித்தார். இன்றும் பல வகுப்பறைகளில் அது இருக்கிறது. 50 முதல் 100 சொல், இரண்டு மூன்று முறை, மொத்தம் பத்து நிமிடம். நிறுத்துக்கடிகாரம் வேண்டாம். வேகம் காட்டச் சொன்னால் பிள்ளைகள் சொல்லை விழுங்குவார்கள்.

கேள்வி: 302-இலிருந்து 145-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பு மகன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை எழுதுகிறான். கவனக்குறைவு என்கிறார்கள். எத்தனை கணக்கு போடவைத்தாலும் சரியாகவில்லை.

'கவனக்குறைவு' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் விடைகளை ஆராய்ந்தபோது, தப்பு விடைகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு முறை இருப்பதைக் காட்டினார்கள். குழந்தை தான் புரிந்துகொண்ட ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. விதிதான் தப்பு. எனவே உங்கள் மகன் எழுதியது எந்த விடை என்று பாருங்கள். சரியான விடை 157.

243 என்று எழுதினால், கடன் வாங்குவதே இல்லை என்று பொருள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான்: 5-இலிருந்து 2, 4-இலிருந்து 0, 3-இலிருந்து 1. மேலே எது, கீழே எது என்பது அவனுக்குப் பொருட்டில்லை.

147 என்றால், கடன் வாங்கத் தெரிகிறது. ஆனால் நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தாண்டிக் குதித்து, நூறிடத்தில் ஒன்றைக் குறைத்து நேராக ஒன்றிடத்துக்குப் பத்தைக் கொடுத்துவிட்டான். பத்திடத்தில் 0-இலிருந்து 4 போகாது என்பதால் அதையும் திருப்பிப் போட்டு 4 என்று எழுதிவிட்டான்.

257 என்றால், பூஜ்ஜியம் 9 ஆகும் என்பது நினைவிருக்கிறது, 3-ஐ 2 ஆக்க மறந்துவிட்டான்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. 243 எழுதும் பிள்ளைக்குத் தாளில் இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் தப்பு விதி இருபது முறை உறுதிப்படும், அவ்வளவுதான். அவனுக்குக் குச்சி வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் ஐந்து, உதிரி இரண்டு: 52. "இதிலிருந்து 27 எடு" என்று சொல்லுங்கள். உதிரியில் ஏழு இல்லை, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தபிறகு கட்டு நான்கு, உதிரி பன்னிரண்டு. ஒவ்வொரு அசைவும் முடிந்த உடனே அதைத் தாளில் எழுதவையுங்கள். குச்சியில் எல்லாம் செய்து முடித்துவிட்டுப் பிறகு எழுதினால், குச்சி ஒரு பாடம், தாள் வேறு பாடம் என்று ஆகிவிடும். பெற்றோர் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான்.

147, 257 பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 302-ஐ 'முப்பது பத்துகளும் இரண்டு ஒன்றுகளும்' என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தைப் பிரித்தால் 29 பத்து, 12 ஒன்று. 12-இல் 5 போனால் 7. 29-இல் 14 போனால் 15. விடை 157. பூஜ்ஜியத்தோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. ஆனால் பள்ளியில் வேறு முறை நடக்கிறதென்றால் முதலில் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை கற்றுக்கொடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

கேள்வி: வாய்ப்பாடு தலைகீழாக ஒப்பிக்கிறாள். 'ஏழெட்டு எவ்வளவு' என்று தனியாகக் கேட்டால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாள்.

வரிசையில் பதிந்தது வரிசையில்தான் வெளியே வரும். தனித்தனியாகக் கேட்டுப் பழக்க வேண்டும். மலைப்பாகத் தோன்றினால் ஒரு கணக்கு சொல்கிறோம். ஒன்றாம் வாய்ப்பாடு முதல் பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல்கள். 7×8-உம் 8×7-உம் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் மிஞ்சுவது 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எல்லாருக்கும் சீக்கிரம் வந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டால் 21-தான்.

அந்த 21-ஐயும் அட்டைகளில் எழுதுங்கள், பின்பக்கம் விடை. மூன்று பெட்டி வையுங்கள். முதல் பெட்டியில் இருப்பதைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை கேளுங்கள். மூன்று விநாடிக்குள் சரியாக வந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். ஒரு நாளைக்குப் புதிய அட்டை மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். விடை மறந்துபோனால் தெரிந்த ஒன்றைப் பிடித்து ஏறச் சொல்லுங்கள்: 7×7 நாற்பத்தொன்பது, இன்னொரு ஏழைக் கூட்டினால் ஐம்பத்தாறு.

இடைவெளிவிட்டுக் கேட்பதன் பலனை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவைத்துவிட்டார். பார்த்துப் பார்த்துப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது அதிக நாள் நிற்கும் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. தேர்வுக்கு முந்தின இரவுப் படிப்பு ஏன் நன்றாக வேலைசெய்வது போலத் தோன்றுகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: சொல்வதெழுதுதலில் ண, ன, ந குழப்பம். ஒவ்வொரு தப்பையும் பத்து முறை எழுதவைக்கிறேன். மறுநாள் அதே தப்பு.

பத்து முறை எழுதும்போது கையைக் கவனியுங்கள். மூன்றாவது வரியிலிருந்து, மேல் வரியைப் பார்த்துப் படம் வரைகிற வேலைதான் நடக்கும். அதற்குப் பதில், சொல்லைப் பார்த்துவிட்டு மூடவேண்டும், நினைவிலிருந்து எழுதவேண்டும், திறந்து சரிபார்க்கவேண்டும். ஒரு சொல்லுக்கு இப்படி மூன்று முறை, ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம்.

ண, ன, ந விஷயத்தில் தமிழ் நிறையவே கைகொடுக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் வரும்: நண்டு, வண்டி. ற-வுக்கு முன்னால் ன்: கன்று, நன்றி. த-வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. சொல்லின் முதலில் ந மட்டுமே வரும், ண-வும் ன-வும் வராது. ர், ற் குழப்பத்துக்கும் ஒன்று உண்டு: ற் இரட்டிக்கும் (காற்று, வெற்றி), ர் இரட்டிக்காது. விதியை ஒப்பிக்கவைக்காதீர்கள். இருபது சொல்லை எழுதிக் கொடுத்து, 'ண்ட' எல்லாம் ஒரு பக்கம், 'ன்ற' எல்லாம் ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். விதியைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும். ல, ள, ழ-வுக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. சரியாக உச்சரிப்பதும் நிறைய வாசிப்பதும்தான் வழி.

கேள்வி: வீட்டுப்பாடத்தில் எவ்வளவு உதவலாம்? இரவு பத்து மணிவரை இழுக்கிறது.

பத்து மணி என்பது எந்த வகுப்புக்கும் அதிகம். வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்ற பழைய அளவு ஒன்று உண்டு: முதல் வகுப்புக்குப் பத்து, மூன்றாம் வகுப்புக்கு முப்பது. ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இருக்கும் தொடர்பு மேல்வகுப்புகளைவிடத் தொடக்க வகுப்புகளில் மிகவும் பலவீனமாகவே இருந்தது. தூக்கத்தைப் பறித்துக்கொண்டு செய்யவைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை.

நேரம் முடிந்ததும் ஒரு கோடு போட்டு நிறுத்துங்கள். கோட்டுக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "முப்பது நிமிடம் செய்தான். ஆறாவது கணக்குவரை தானாகவே செய்தான். ஏழில் கடன் வாங்கும் இடம் புரியவில்லை." டீச்சருக்கு இந்த மூன்று வரி, அழகாக முடித்த பக்கத்தைவிடப் பயன்படும். நீங்கள் அழித்துத் திருத்தி அனுப்பிய நோட்டைப் பார்த்தால், எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

கேள்வி: எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கேள்வியையே பக்கத்து வீட்டுப் பெண்தான் எழுதித் தருகிறாள். என் பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், அம்மா. படப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்: "இவன் ஏன் ஓடுறான்? அடுத்து என்ன ஆகும்? உனக்கு இப்படி நடந்தா என்ன பண்ணுவே?" ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக இருக்க வேண்டாம். பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொன்னால், நீங்கள் இன்னும் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். பெற்றோர் இப்படிக் கேள்வி கேட்டுப் படம் காட்டியபோது சிறு குழந்தைகளின் பேச்சு முன்னேறியது என்று ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் காட்டியிருக்கிறார்கள்.

பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருங்கள். முடித்ததும் கதையைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மேலே சொன்ன வாய்ப்பாட்டு அட்டையில் விடைக்குப் பதில் பிள்ளையையே புள்ளி வைக்கச் சொன்னால், எண்ணிச் சரிபார்க்க உங்களால் முடியும். கூட்டத்துக்குப் போகும்போது "எனக்கு வாசிக்க வராது, செய்தியைக் குரல் பதிவாக அனுப்புங்கள்" என்று டீச்சரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கையெழுத்து வராத சர்க்குலரைப் பார்த்து அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: பள்ளியில் வேறு மொழி. வீட்டிலும் அதையே பேசினால்தான் நல்லதா?

உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். 'ஆவியாதல்' என்றால் என்னவென்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியில் பெயரை மட்டும் கற்றால் போதும். ஒரு மொழியில் கிடைத்த அறிவு மற்றதற்கும் அடித்தளமாகிறது என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எழுதினார். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பெற்றோர் பேசும்போது பேச்சு "வா, போ, சாப்பிடு" என்று சுருங்கிவிடுகிறது. பெரிய இழப்பு அதுதான்.

கேள்வி: பள்ளிச் செய்தி மடல், சர்க்குலர், வாட்ஸ்அப் குழு என்று தினமும் வந்து குவிகிறது. எதைப் பார்ப்பது?

வந்த அன்றே ஒருமுறை பார்த்துவிட்டு மூன்றை மட்டும் எடுத்துக் காலண்டரில் எழுதுங்கள்: தேதி, கொடுத்து அனுப்ப வேண்டிய பொருள், கையெழுத்து. அவகாசம் கேட்கும் பொருளுக்கு இரண்டு நாள் முன்னாலும் ஒரு குறிப்பு போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு லீவாமே?" என்று ஓடுவதைப் பள்ளி அனுப்பாதவரை நம்ப வேண்டாம்.

மடலில் பலரும் தாண்டிப்போகும் பகுதி ஒன்று உண்டு: 'இந்த மாதப் பாடங்கள்'. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். நீட்டல் அளவை நடக்கிறது என்று தெரிந்தால், "இந்த மேசை ஒரு மீட்டருக்கு மேலே இருக்குமா, கீழே இருக்குமா? முதல்ல சொல்லு, அப்புறம் அளக்கலாம்" என்று கேட்கலாம். அளக்கும்போது ஸ்கேலை 0-இலிருந்து வைக்கிறானா, 1-இலிருந்தா என்று மட்டும் பாருங்கள். 1-இலிருந்து வைப்பது மிகச் சாதாரணமான தப்பு.

கேள்வி: பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளியில் வாசிப்பு நேரம் நடத்த விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

சிறிதாகத் தொடங்குங்கள். முதல் மாதம் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் மாதம் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். 'ஆண்டு முழுவதும்' என்று அறிவிக்காமல் 'ஆறு வாரம், வாரம் ஒருநாள், இருபது நிமிடம்' என்று அறிவியுங்கள். ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள். வர முடியாதவருக்குப் பதிலாள் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை டீச்சர் தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் பிள்ளை உங்கள் குழுவில் இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்க வேண்டும், பிள்ளையோடு தனியறையில் ஒருவர் இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளை எப்படி வாசித்தது என்பது அந்த அறைக்கு வெளியே பேச்சாகக் கூடாது. இந்தக் கடைசி விதி மீறப்பட்டால் பள்ளி அடுத்த முறை அனுமதி தராது. தராததும் நியாயமே.

கேள்வி: பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம்தான் தருகிறார்கள். என்ன கேட்பது?

மதிப்பெண் அட்டையில் இருப்பதைக் கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். அவள் தனியாகச் செய்வது எது, எந்த இடத்தில் உதவி கேட்கிறாள், வீட்டில் ஒரே ஒரு விஷயம் செய்யச் சொன்னால் எதைச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். தப்பு விழுந்த நோட்டுப் பக்கம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று வாரம் கழித்து டைரியில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், ஏதாவது மாறியிருக்கிறதா என்று.

கேள்வி: வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மட்டும் தப்புத் தப்பாக எழுதுகிறான்.

முதலில் கண் பரிசோதனை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா, நோட்டுக்கு மிக அருகில் குனிகிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை முன் வரிசையில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள். கண்ணில் குறை இல்லை என்று உறுதியானபிறகும் தப்புத் தொடர்ந்தால், அதே வரியைப் பக்கத்தில் வைத்த புத்தகத்திலிருந்து எழுதவைத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால், பலகைக்கும் நோட்டுக்கும் இடையே கண் போய்வரும்போது சொல் நழுவுகிறது. எழுத்து எழுத்தாகப் பார்க்காமல், ஒரு முழுச் சொல்லைப் பார்த்து, முணுமுணுத்துவிட்டு எழுதப் பழக்குங்கள்.